ஓரடியும் நகராமல் ஓட்டியவள்

ஆயில் மாற்றுவதற்கு இரண்டு பேர் தேவையில்லை. அம்மாவும் நானும் எப்போதும் இரண்டு பேராகத்தான் மாற்றினோம்.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. கராஜ் கதவை முழுக்கத் தூக்கி வைத்திருந்தோம். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் இன்னும் குளிர் இருந்தது. நான் பச்சை மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, ஆயில் வடியும் திருகைக் கழற்றினேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் புனலை வைத்திருந்தாள்.

"கறுப்பா வருதா?"

"வருது."

"எவ்வளவு கறுப்பு?"

"காப்பி மாதிரி."

"யார் போட்ட காப்பி? நீ போட்டதா, நான் போட்டதா?"

"நீ போட்டது."

"அப்ப இன்னும் ஒரு வருஷம் ஓடும். மூடு."

அம்மா போடும் கறுப்புக் காப்பி அவ்வளவு நீர்த்தது, கோப்பையின் அடி தெரியும். நான் மூடவில்லை. பழைய ஆயில் கடைசிச் சொட்டு வரை வடிந்தது. புது ஆயிலை அவள்தான் ஊற்றினாள். பாதி வழியில் எஞ்சின் மேல் கொஞ்சம் வழிந்தது. புனல் சரியில்லை என்றாள். புனலை வாங்கியது நான் என்பதால் தப்பும் என்னுடையது என்றாள். பிறகு தன் பழைய சட்டையால் துடைத்தாள். டாங்கைத் துடைத்தாள், முன்விளக்கைத் துடைத்தாள், போகிற போக்கில் என் மூக்கையும் துடைத்தாள். எனக்கு நாற்பத்தொரு வயது.

அடுத்த புதன்கிழமை தபால் பெட்டி வரை போனாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இதயம் நின்றுவிட்டது. வண்டியில் ஆயில் புதிதாகவே இருக்கிறது.

என் அம்மா அர்லீன் ஸ்டாஷாக், மில்வாக்கிக்குத் தெற்கே டோர்ன் மோட்டார் சைக்கிள் ஆலையில் உருளை அறை ஓட்டுநராக இருந்தாள். டோர்ன், எங்கள் தெருவில் யாரும் வாங்க முடியாத வண்டி. எங்கள் தெருவில் பாதிப் பேர் செய்கிற வண்டி. கையால் தைத்த தோல் இருக்கை, சூடாகும் கைப்பிடி, கண்ணாடி போல் மின்னும் சைலன்சர். வாங்குகிறவர்கள் அனேகமாகப் பல் டாக்டர்கள். ஆலையில் யாராவது திருகைச் சரியாக முடுக்காவிட்டால், "பல் டாக்டர் பல்லு போயிடும்டா" என்பார்கள்.

வண்டி பூட்டி முடிந்ததும் உருளை அறைக்கு வரும். தள்ளிக்கொண்டு வருவது டூயேனின் வேலை. டூயேன் பெரிய உடம்புக்காரன், வாய் அதைவிடப் பெரிது. அவன் பின்சக்கரத்தை இரும்பு உருளை மேல் ஏற்றுவான்; சக்கரம் சுழன்றால் உருளையும் சுழலும், வண்டி நகராது. முன்சக்கரத்தைக் கவ்வியில் இறுக்குவான். சைலன்சரில் புகைக்குழாயை மாட்டுவான். அதற்குப் பிறகு அம்மா வந்து ஏறி உட்காருவாள். முகத்துக்கு நேரே ஒரு பெரிய மின்விசிறி. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் ஏற்றி, நெடுஞ்சாலை வேகம் வரை கொண்டுபோய், பிரேக் போட்டு, விளக்கு, ஹாரன் எல்லாம் பார்ப்பாள். கோளாறு கண்டுபிடிப்பது பக்கத்திலிருந்த திரையின் வேலை. அம்மாவின் வேலை உட்கார்வது, வலது கைப்பிடியில் உள்ள வேக விசையை முறுக்குவது, நிறுத்துவது. முடிந்ததும் இறங்கிப் போய்விடுவாள். வண்டி தானாகவே நிற்கும், கவ்வி பிடித்திருக்கும். டூயேன் கழற்றித் தள்ளிக்கொண்டு போவான், அடுத்தது வரும்.

அறையில் ஒரே ஒரு கட்டளை சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது: கைப்பிடி அசைந்தால் உடனே விசையை விடு. கைப்பிடி அசைகிறது என்றால் கவ்வி நழுவுகிறது என்று பொருள். கவ்வி நழுவினால் வண்டி சுவரில் போய் முட்டும். அம்மா வேலை செய்த இருபத்தாறு வருடத்தில் ஒரு வண்டியும் சுவரை முட்டியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை.

விசிறிக்குப் பின்னால் இருந்த சுவரில் நாட்காட்டிப் படங்களை ஒட்டி வைத்திருந்தாள். மேற்கே வெகுதூரத்தில் இருக்கும் மொன்டானாவின் மலைச்சாலை, பாலைவனச் சாலை, கடலோரச் சாலை. பனிக்காலத்தில் பாலைவனம், கோடையில் மலை. வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பேன்.

"இன்னிக்கு எதுவரைக்கும் போனே?"

"மொன்டானா."

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்பப் பெரிசு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள திரும்பிட்டேன்."

நான் சின்னவளாக இருந்தபோதே அப்பா வேறு ஊருக்கு, வேறு குடும்பத்துக்குப் போய்விட்டார். அதைப் பற்றி அம்மா சொன்னது ஒரே வாக்கியம்: "அவருக்கு வலது இடது தெரியாது, ஆனா வெளிய போற வழி தெரியும்." மிச்ச நேரமெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போவாள், அங்கே குழுவில் பாடுவாள், தனக்குச் சுரம் தவறும்போது பக்கத்தில் இருப்பவரை முறைப்பாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள், பிடிபட்டால் கண்ணாடி போடவில்லை என்பாள். உதட்டுச்சாயம் இல்லாமல் உருளை அறைக்குள் போனதே இல்லை. "அறுபது மைல் வேகத்துல போறேன், எவனாவது பாத்தா?" என்பாள். அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் ஆலைக்காரர்களின் பிக்னிக் நடந்தது. எல்லோரும் சொந்த வண்டியில் வந்தார்கள், பழையது, ஓட்டை உடைசல், ஆனால் வண்டி. அம்மா காரில் வந்தாள். யாரோ கேட்டார்கள், "அர்லீன், நீ எது ஓட்டுறே?"

"எல்லாத்தையும்தான்" என்றாள்.

கூட்டம் கைதட்டியது. அந்தப் பதில் ஆலை முழுக்கப் பரவியது. புதிதாகச் சேர்கிறவனுக்கு அம்மாவை அறிமுகம் செய்யும்போது, "இவங்கதான் எல்லாத்தையும் ஓட்டுறவங்க" என்பார்கள். அவள் அப்படி ஒரு முறை சொன்னதோடு சரி. பிறகு அவளைக் கேட்க ஆள் இல்லை. மறுத்துச் சொல்ல அவளுக்கும் வாய்ப்பு இல்லை. வாய்ப்பு வந்தாலும் சொல்லியிருப்பாளா தெரியாது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் ஏப்ரலில் எனக்குத் தொலைபேசினாள். நான் லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரேக் பிரிவில் எஞ்சினியர். கூட்டத்தில் இருந்தேன்.

"மார்லா, ஒரு சின்ன விஷயம்."

"சொல்லு."

"ஆலைக்கு அம்பது வயசு ஆகுதாம். ஜூலையில ஊர்வலம். முன்னூறு வண்டி. அதே மாசம் நான் ஓய்வு பெறுறேன்ல, அதனால ஹாலரன் என்னை முன்னாடி போகச் சொல்லிட்டார்."

ஹாலரன் ஆலையின் மேலாளர். மேடையேறிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டார்.

"நல்ல விஷயம்தானே?"

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். இந்த ஆலையிலேர்ந்து போன வண்டியில பாதிக்கு மேல முதல்ல ஓட்டினது அர்லீன், அதனால அர்லீன்தான் முன்னாடின்னு. எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுனாங்க."

"சரி, அதுல என்ன?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாதுடி."

நான் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வந்தேன். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் எஞ்சினியர். முன்சக்கரம் கவ்வியில் இருக்கிற வண்டியில் சமநிலை என்று ஒன்று இல்லை, சாய்வு இல்லை, திருப்பம் இல்லை. இருபத்தாறு வருடமாக அவள் ஓட்டியது இருக்கை உள்ள ஒரு இயந்திரம். இருந்தும் பள்ளிக்கூடத்தில் என் தோழிகளிடம், என் அம்மா எந்த வண்டியையும் ஓட்டுவாள் என்று நானே சொல்லித் திரிந்திருக்கிறேன்.

"சொல்லிடு" என்றேன். "ஹாலரன்கிட்ட போய்ச் சொல்லு. முடிஞ்சுது."

"சொல்லத்தான் போறேன். வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மீன் வறுவலுக்குப் போவார்கள். ஆலைக்கு எதிரே உள்ள மதுக்கடையில் வறுத்த மீன், ரை தானிய ரொட்டி, கோஸ் சாலட், பிராந்தி. அம்மா என்னையும் வரச் சொன்னாள், சாட்சிக்கு. நீள மேசை நிறைய ஆட்கள். அவள் கோப்பையில் கரண்டியால் தட்டினாள்.

"கேளுங்க எல்லாரும். ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மேசையே குலுங்கும்படி சிரிப்பு. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நிஜமா சொல்றேன்டா! ரோட்டுல ஒரு தடவைகூட ஓட்டினதில்லை."

"எனக்கும் மீன் சாப்பிடத் தெரியாது" என்றான் ஒருவன், வாய் நிறைய மீனோடு.

"எனக்குக் குடிக்கத் தெரியாது!"

"என் பொண்டாட்டிக்குப் பேசத் தெரியாது!"

அந்த மனைவி அவன் தலையில் ரொட்டியை வீசினாள். அதற்குப் பிறகு மேசையைச் சுற்றி ஆளுக்கு ஒன்று. அம்மா இன்னும் இரண்டு முறை முயன்றாள். இரண்டாவது முறை கோபமாகவே சொன்னாள். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். டூயேன் மட்டும் அவளுக்கு இன்னொரு பிராந்தி வாங்கிக் கொடுத்துவிட்டு, "குடி, அர்லீன்" என்றான். சிரித்தானா என்று நான் கவனிக்கவில்லை.

காரில் திரும்பும்போது அம்மா சொன்னாள், "நான் சொல்லிட்டேன். நம்பாதது அவங்க தப்பு."

"இப்ப என்ன பண்றது?"

"நீ கத்துக்கொடு."

எழுத்துத் தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு தேறினாள். கற்றுக்கொள்பவருக்கான அனுமதி கிடைத்தது. பகலில், பின்னால் ஆள் இல்லாமல், ஹெல்மெட் போட்டு ஓட்டலாம். ஊர்வலத்துக்கு அது போதும்.

பழகுவதற்கு இடம், கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தின் வண்டி நிறுத்துமிடம். அங்கே உடற்பயிற்சி ஆசிரியை கொலீன், அம்மாவோடு கோவிலில் பாடுகிறவள். அவளிடம் ஆரஞ்சு நிறக் கூம்புகளை இரவல் வாங்கினோம், பிள்ளைகள் சுற்றி ஓடுவதற்கு வைப்பது. எதற்கு என்று கொலீன் கேட்டாள். "மார்லாவுக்கு வண்டி பழக்கித் தரப்போறேன்" என்றாள் அம்மா, கண் இமைக்காமல். நான் பதினெட்டு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறேன்.

என் பழைய சின்ன வண்டியில் ஆரம்பித்தோம். முதல் நாள் அவள் ஏறி உட்கார்ந்து, கிளட்ச் பிடித்து, கியர் போட்டதைப் பார்த்தால் உலகத்தில் அவளைவிடச் சிறந்த ஓட்டுநர் இல்லை. பட்டு மாதிரி. பிறகு வண்டி நகர்ந்தது.

"ஐயோ, போகுதுடி!"

"போகத்தான்மா செய்யும்!"

"இது எல்லாம் வருதே, வேலி வருதே!"

"பிரேக்! பிரேக்!"

பிரேக் அழகாகப் போட்டாள். நின்றது. நின்றதும் காலை ஊன்ற மறந்தாள். வண்டி சாய்ந்தது, அவளும் சாய்ந்தாள், மெதுவாக, மரியாதையாக. படுத்தபடியே உதட்டுச்சாயம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

ஒரு வாரத்தில் நேராக ஓட்டினாள். இரண்டாவது வாரம் நின்று காலை ஊன்றினாள். மூன்றாவது வாரம் இடது பக்கம் திரும்பினாள், கூம்புகளைச் சுற்றி, வட்டமாக, சிரித்துக்கொண்டே. இடது அவளுக்கு வந்துவிட்டது. வலது வரவில்லை.

வலது பக்கம் திரும்ப ஆரம்பித்த உடனே எஞ்சின் அடங்கும், வண்டி விழும். ஒவ்வொரு முறையும். நான் விளக்கினேன், படம் வரைந்தேன். வேகத்தில் போகும்போது வலது பக்கம் போக வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும், சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் போகும், வண்டி வலது பக்கம் சாயும் என்றேன்.

"வலதுக்குப் போக இடதுக்குத் திருப்பணுமா?"

"ஒரு கணம்."

"இதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?"

என் படத்தை மடித்து, ஆடாமல் இருக்க காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஜூன் வரை ஆனது. அவளுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது பக்கம் திரும்பும்போது வலது கைப்பிடி உடம்பை நோக்கி வரும். அது வரத் தொடங்கியதும் அவள் விரல்கள் விசையை விட்டன. மெதுவாகப் போகிற வண்டியில் திருப்பத்தின் நடுவே விசையை விட்டால் வண்டி விழும். கைப்பிடி அசைந்தால் உடனே விசையை விடு. இருபத்தாறு வருடமாகக் கை கற்றுக்கொண்டது அது. இடது பக்கம் திரும்பும்போது கைப்பிடி விலகிப் போகும், கையும் நீண்டு கூடவே போகும், விரல் ஏமாந்துவிடும். வலது பக்கம் ஏமாறவில்லை.

சொன்னேன். கையை விரித்துப் பார்த்தாள்.

"அப்ப இது தப்பில்லை" என்றாள். "வேலையைச் சரியாப் பண்ணுது."

"அம்மா, ஊர்வலத்துல ஒரு வலது திருப்பம் இருக்கு."

"தெரியும்."

ஆலை வாசலிலிருந்து நேர்ச்சாலை, போக்குவரத்து விளக்குச் சந்திப்பில் வலது பக்கம் திரும்பி ஏரிச்சாலை, அதன் முடிவில் பூங்கா. ஒரே ஒரு திருப்பம். பின்னால் முன்னூறு வண்டி. சந்திப்பின் நடுவே அவள் விழுந்தால் இருபத்தாறு வருடப் பெயர் அங்கேயே விழும். அவள் பயந்தது அடிபடுவதற்கு அல்ல. "டாக்டர் தைச்சுடுவான். டூயேன் வாயை யார் தைக்கிறது?" என்றாள்.

கடைசி வாரம் ஹாலரன் ஐம்பதாம் ஆண்டு வண்டியையே வீட்டுக்கு அனுப்பினார், பழகிக்கொள்ளட்டும் என்று. கரும்பச்சை, தங்கக்கோடு. என் வண்டியைவிட இரண்டு மடங்கு கனம். நேராக, இடது, நிறுத்தம், எல்லாம் அதில் அருமையாக வந்தது. வலது பக்கம் அவள் முயலவேயில்லை. அந்தப் பெயின்டைக் கீற அவளுக்கு மனம் வரவில்லை.

ஊர்வல நாள் காலையில் நான் விளக்குச் சந்திப்பில் போய் நின்றேன். திட்டம் இதுதான்: நான் கையைத் தூக்கியதும் அவள் வேகத்தைக் குறைக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டும், கைப்பிடியைப் பார்க்கக் கூடாது. பார்வை போகும் பக்கம் வண்டி போகும். பாடப்புத்தகத்தில் இருப்பது.

சத்தம் முதலில் வந்தது. பிறகு போலீஸ் கார், விளக்குச் சுழல. அதற்குப் பின்னால் அம்மா, முதுகு நிமிர்ந்து, பச்சை வண்டியில், உதட்டில் சிவப்பு. அவளுக்குப் பின்னால் இரண்டு வரிசையாகத் தெரு முடியும் வரை வண்டிகள். நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். போலீஸ் கார் வலது பக்கம் திரும்பியது. நான் கையைத் தூக்கினேன்.

அம்மா வேகத்தைக் குறைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தலையை ஒரு முறை ஆட்டினாள், இல்லை என்று. நேராகப் போய்விட்டாள்.

முன்னூறு வண்டியும் அவளுக்குப் பின்னால் நேராகப் போயின.

அவள் இருபத்தாறு வருடமாக எல்லாவற்றையும் ஓட்டுகிறவள். அவள் நேராகப் போனால் நேராகத்தான் போக வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். போலீஸ் கார் ஏரிச்சாலையில் தனியாகக் கொஞ்ச தூரம் ஊர்வலம் போய், நின்று, பின்னோக்கி வந்தது. போலீஸ்காரர் இறங்கி என்னிடம், "எங்க போறாங்க?" என்றார்.

"தெரியல" என்றேன். பிறகு புரிந்தது. "மூணு தடவை இடது பக்கம் திரும்பப் போறாங்க."

"என்னது?"

"மூணு இடது சேர்ந்தா ஒரு வலது, சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவருக்கும் புரிந்தது, முகம் வெளுத்தது. அம்மா தெருக்கோடியில் இடது பக்கம் திரும்பி, குடியிருப்புக்குள் புகுந்து, மறுபடி இடது, மறுபடி இடது திரும்பி இதே சந்திப்புக்குக் குறுக்காக வருவாள். அப்போது ஊர்வலத்தின் வால் இன்னும் இங்கே நேராகப் போய்க்கொண்டிருக்கும். தலை வாலில் வந்து முட்டும்.

அவர் சந்திப்பின் நடுவே ஓடினார். இரண்டு கையையும் விரித்து வந்துகொண்டிருந்த வரிசையை நிறுத்தினார். ஒரு மீசைக்காரர் பிரேக் போட்டுக்கொண்டே, "என்ன ஆச்சு?" என்று கத்தினார். "ஊர்வலம் வருது, நில்லுங்க!" என்றார் போலீஸ்காரர். "நாங்கதானே சார் ஊர்வலம்!" என்றார் மீசைக்காரர்.

அம்மா வந்தாள். பக்கத்துத் தெருவில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர்களும், இரவு அங்கியோடு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். சந்திப்பை நேராகக் குறுக்கே கடந்தாள், ஏரிச்சாலைக்குள், ஒரு சாய்வும் இல்லாமல். போகும்போது போலீஸ்காரருக்குச் சலாம் வைத்தாள், இடது கையால். பின்னால் வண்டியில் வந்தவர்களும் ஆளுக்கொரு சலாம் வைத்தார்கள். பிறகு போலீஸ்காரர் நின்றவர்களைப் போகவிட்டார், போனவர்கள் சுற்றி வந்தார்கள், மறுபடி நிறுத்தினார். இது முடிய வெகுநேரம் ஆனது. யாரும் கோபப்படவில்லை. பாதிப் பேர் இதை ஹாலரனின் ஏற்பாடு என்று நினைத்தார்கள்.

நான் குறுக்கு வழியில் பூங்காவுக்கு ஓடினேன். மேடைக்கு முன்னால் அம்மா வந்து நின்றாள். இடது காலை ஊன்றினாள். எஞ்சினை அணைத்தாள். ஹாலரன் ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார். கூட்டம் கத்தியது. அம்மா எல்லோருக்கும் கையசைத்தாள். பிறகு, உருளை அறையில் எப்போதும் செய்வது போல, வண்டியை விட்டு இறங்கி நடந்தாள்.

பக்கவாட்டுத் தாங்கியைப் போடவில்லை. கவ்வி இல்லை. கரும்பச்சை வண்டி தங்கக்கோட்டோடு அவளுக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது.

ஏரி அலைச்சத்தம் கேட்டது. அம்மா திரும்பி வண்டியைப் பார்த்தாள். ஹாலரன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல? மீன் தின்னுக்கிட்டே சிரிச்சீங்க."

அப்போதுதான் நம்பினார்கள். இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அவளைத் தூக்கிக்கொள்ளாத குறை. ஹாலரன் வண்டியைச் சுற்றி வந்து, பக்கத்திலிருந்த கீறலைத் தடவிப் பார்த்தார்.

"இதை இனி எந்தப் பல் டாக்டரும் வாங்க மாட்டான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, அர்லீன்."

டூயேன் வண்டியை நிமிர்த்தினான். நான் பக்கத்தில் போய், "உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையா?" என்றேன்.

"எதுக்கு? ஒவ்வொரு வண்டியையும் தள்ளினது நான்தானே. கவ்வியில இல்லாத வண்டியை அவ ஒரு நாளும் தொட்டதில்லை. எனக்குத் தெரியாதா?"

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"அவ மொன்டானா போயிட்டு வந்து கதை சொல்லுவா. நல்லா இருக்கும்" என்றான். "எதுக்குக் கெடுக்கணும்?"

அதற்குப் பிறகு அம்மா பனி விழும் வரை ஓட்டினாள். இடது பக்கமாகவே. மளிகைக் கடை வலது பக்கம் இருப்பதால் வேறு கடைக்கு மாறினாள். கோவிலுக்குப் போக இரண்டு தெரு சுற்றினாள். ஆனால் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட இடத்தில் என் சின்ன வண்டியில் வலது பக்கத் திருப்பத்தைப் பழகிக்கொண்டுதான் இருந்தாள். அக்டோபரில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, பாதி வட்டம் விழாமல் திரும்பினாள். நான் கத்தினேன். நான் கத்தியதில் பயந்து விழுந்தாள். உனக்கு வாயை மூடத் தெரியாது என்று திட்டினாள்.

பனிக்காலத்தில் கொலீன் பாட்டுப் பயிற்சியில் கூம்புகளைப் பற்றிக் கேட்டாளாம். முழு வலது திருப்பம் வந்ததும் தானே கொண்டுவந்து தருவதாக அம்மா சொல்லியிருக்கிறாள். "மே மாசம் தரேன். ஒரே ஒரு திருப்பம்தான் பாக்கி. அதுவரைக்கும் பிள்ளைங்க நேரா ஓடட்டும்."

கொலீன் இறுதிச் சடங்குக்கு வந்தாள். அவசரமில்லை என்றாள். நேற்றுத் தொலைபேசினாள், தயங்கித் தயங்கி. பள்ளியில் விளையாட்டு விழா வருகிறதாம், பிள்ளைகளுக்குச் சுற்றி ஓடக் கூம்பு இல்லையாம்.

அம்மாவின் கார் டிக்கியைத் திறந்து பார்த்தேன். அடுக்கி வைத்திருந்தாள், ஒன்றுக்குள் ஒன்றாக, கயிறு போட்டுக் கட்டி. ஒன்று மட்டும் நசுங்கியிருந்தது, அதன் மேல் டயர் தடம். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூம்புகளை வெளியே எடுக்காமல் டிக்கியை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.